வர்த்தக ஒப்பந்த ஆவணங்களை அரசிடமிருந்து பெறுவது எப்படி: அரசிதழ் முதல் இரண்டாம் மேல்முறையீடு வரை

இந்தியா வேறொரு நாட்டோடு வர்த்தக ஒப்பந்தம் போடும்போது எந்தப் பொருளுக்கு வரி குறைகிறது, எதற்குக் குறையவில்லை, அந்த முடிவுக்கு எந்தக் கணக்கு அடிப்படை என்பது விவசாயிக்கும் சிறு ஏற்றுமதியாளருக்கும் தொழிற்சங்கத்துக்கும் செய்தியாளருக்கும் தேவையான தகவல். இதைத் தேடுபவர்களில் பலர் எடுத்த எடுப்பிலேயே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவைப் போட்டுவிடுகிறார்கள். 30 நாள் கழித்து "பிரிவு 8(1)(ஏ)இன்படி தர இயலாது" என்று ஒரு வரி வருகிறது. அத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

மனு கடைசிப் படி. ஆவணத்தின் பெயர், அது உருவான காலம், அதை வைத்திருக்கும் அலுவலகம் ஆகிய மூன்றும் கையில் இருந்தால்தான் மனு நிற்கும். அந்த மூன்றையும் வெளியில் கிடைக்கும் தாள்களிலிருந்தே எடுக்கலாம். கீழுள்ள படிகள் அந்த வரிசையில்தான் உள்ளன. விளக்கத்துக்கு ஒரே பொருளைக் கடைசிவரை எடுத்துக்கொள்வோம்: தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானிலிருந்து வரும் மிளகு.

1. ஒப்பந்தம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள்

ஒவ்வொரு கட்டத்திலும் உருவாகும் தாள் வேறு. பேச்சு தொடங்கும் முன் கூட்டு ஆய்வுக் குழு அறிக்கையும், பேச்சுக்கான வரையறைகளும் இருக்கும். பேச்சு நடக்கும்போது இரு தரப்பின் முன்மொழிவுகள், சுற்று வாரியான குறிப்புகள், வாரியங்களும் பிற அமைச்சகங்களும் அனுப்பிய கருத்துகள் சேரும். கையெழுத்துக்கு முன் அமைச்சரவைக் குறிப்பு. கையெழுத்தான பின் முழு வாசகம், வரிக் குறைப்பு அட்டவணைகள், பொருள் எந்த நாட்டில் உருவானது என்று முடிவுசெய்யும் பொருள் தோற்ற விதிகள். நடைமுறைக்கு வரும்போது சுங்க அறிவிக்கை.

கட்டத்தைத் தவறாகக் கணித்தால் இல்லாத தாளைக் கேட்டுக் கொண்டிருப்போம். கையெழுத்தும் நடைமுறையும் ஒரே நாளில் நடப்பதில்லை. ஐக்கிய அரபு அமீரக ஒப்பந்தம் 2022 பிப்ரவரி 18இல் கையெழுத்தாகி மே 1இல் நடைமுறைக்கு வந்தது. ஐஸ்லாந்து, லிக்டென்ஸ்டைன், நார்வே, சுவிட்சர்லாந்து சேர்ந்த எஃப்டா கூட்டமைப்போடு போட்ட ஒப்பந்தம் 2024 மார்ச் 10இல் கையெழுத்தாகி 2025 அக்டோபர் 1இல்தான் நடைமுறைக்கு வந்தது. இந்த இடைவெளியில் சுங்க அறிவிக்கையைக் கேட்டால் "அப்படி ஒன்று இல்லை" என்ற பதில் வரும். அது சரியான பதில்தான்.

ஆசியான் சரக்கு வர்த்தக ஒப்பந்தம் 2009 ஆகஸ்ட் 13இல் கையெழுத்தானது, 2010 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை மறுஆய்வு செய்வதென்று 2023 ஆகஸ்டில் இரு தரப்பும் முடிவுசெய்தன. ஆகவே மிளகைப் பொறுத்தவரை இரண்டு அடுக்குத் தாள்கள் உண்டு: நடைமுறையில் உள்ள அட்டவணை ஒன்று, மறுஆய்வுக்காக உருவான கடிதப் போக்குவரத்து இன்னொன்று. முதலாவதற்கு மனுவே வேண்டாம்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் பொருளின் சுங்க எண். இதை எச்எஸ் எண் என்பார்கள். முதல் 6 இலக்கம் உலகெங்கும் ஒன்று, கடைசி 2 இலக்கம் அந்தந்த நாடு சேர்ப்பது. அரைக்காத மிளகு 0904 11, அரைத்தது 0904 12. "மிளகு" என்று பெயரால் தேடினால் மிளகாயும் சேர்ந்து வரும். எண்ணால் தேடினால் வராது.

எச்எஸ் பட்டியல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். இப்போதைய பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. பழைய ஒப்பந்தத்தின் அட்டவணை பழைய பதிப்பில் இருக்கும். இன்றைய எண்ணை அதில் தேடிக் கிடைக்காவிட்டால் பொருள் விடுபட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். முதலில் இரு பதிப்புகளின் எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். செய்திக் குறிப்புகளில் மிக அதிகமாகக் காணும் பிழை இது.

அடுத்தது ஒரு பதிவேடு. நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு தாளுக்கும் பெயர், எண், தேதி, வெளியிட்ட அலுவலகம், அதில் சுட்டப்படும் வேறு தாள்கள் என்று ஐந்து பத்தி போடுங்கள். ஐந்தாவது பத்திதான் பொக்கிஷம். ஓர் அறிவிக்கையின் அடியில் கோப்பு எண் அச்சாகியிருக்கும். பிறகு மனுவில் கேட்க வேண்டியது அந்தக் கோப்பைத்தான்.

3. எந்தத் தாள் எந்த அலுவலகத்தில்

புதிதாக வருபவர்கள் "வர்த்தக அமைச்சகம்" என்று ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் போட்டுவிடுகிறார்கள். மிளகு ஒன்றை எடுத்தாலே தாள்கள் மூன்று இடத்தில் கிடக்கின்றன.

ஆசியான் ஒப்பந்தத்தின் வாசகமும் அட்டவணையும் வர்த்தகத் துறையில். அதில் மிளகு, காபி, தேயிலை, பாமாயில் ஆகியவை தனிச்சிறப்புப் பொருட்கள் என்ற பட்டியலில் இருக்கின்றன. மிளகுக்கு 70 சதவீத வரி படிப்படியாக இறங்கி 2019 இறுதிக்குள் 50 சதவீதம் ஆக வேண்டும் என்பது அட்டவணை. அந்த அட்டவணைக்குச் சட்ட வலு கொடுத்தது நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறை வெளியிட்ட 46/2011 எண் சுங்க அறிவிக்கை. பிறகு 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை என்று அறிவித்தது டிஜிஎஃப்டி எனப்படும் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்.

மூன்றும், மனுவுக்குப் பதில் தர வேண்டிய மூன்று வெவ்வேறு பொதுத் தகவல் அலுவலர்களின் கையில். சுங்க வரிக் கேள்வியை வர்த்தகத் துறைக்கு அனுப்பினால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 6(3)இன்படி 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும். நடப்பில் மனு இரண்டு மூன்று மேசை சுற்றிவிட்டுத்தான் போய்ச் சேரும்.

வர்த்தகத் துறைக்குள்ளும் பிரிவுகள் உண்டு. ஆசியானுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று, மேற்காசியாவுக்கு ஒன்று எனப் பகுதி வாரியாகவும், உலக வர்த்தக அமைப்பு விவகாரங்களுக்கு வர்த்தகக் கொள்கைப் பிரிவு எனத் தனியாகவும் இயங்குகின்றன. மனுவின் தலைப்பிலேயே பிரிவின் பெயரைக் குறிப்பிட்டால் ஒரு வாரமாவது மிச்சம்.

பொருள் சார்ந்த வாரியங்களை மறக்காதீர்கள். கொச்சியில் நறுமணப் பொருட்கள் வாரியமும் கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமும், கோட்டயத்தில் ரப்பர் வாரியம், பெங்களூருவில் காபி வாரியம், கொல்கத்தாவில் தேயிலை வாரியம். இவை ஒவ்வொன்றும் தனிப் பொது அதிகார அமைப்பு, தனித் தகவல் அலுவலர் கொண்டவை. பேச்சுவார்த்தைக்கு முன் அமைச்சகம் இவற்றிடம் கருத்துக் கேட்கும். அனுப்பிய கடிதத்தின் நகல் இங்கேயும் இருக்கும். மாநில அரசுத் துறைகளும் அப்படியே: மத்திய அரசு கருத்துக் கேட்டு எழுதிய கடிதமும் மாநிலம் எழுதிய பதிலும் தலைமைச் செயலகக் கோப்பில் இருக்கும்.

4. வெளியில் இருப்பதை முழுவதும் எடுத்து முடியுங்கள்

கையெழுத்தான ஒப்பந்தங்களின் வாசகம் வர்த்தகத் துறை இணையதளத்தில் உண்டு. முதன்மை வாசகத்தைப் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். உயிர்நாடி இணைப்புகளில்தான் இருக்கிறது. அட்டவணையில் ஒவ்வொரு எண்ணுக்கும் அடிப்படை வரி ஒரு பத்தியிலும் குறைப்பு வகை இன்னொரு பத்தியிலும் இருக்கும். குறைப்பு வகையின் பொருள் அட்டவணைக்கு முன் வரும் பொதுக் குறிப்பில் மட்டுமே விளக்கப்பட்டிருக்கும். அதைத் தனியாகப் பிரதி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

டிஜிஎஃப்டி தாள்கள் நான்கு வகை. அறிவிக்கை கொள்கையையே மாற்றும். பொது அறிவிப்பு நடைமுறைக் கையேட்டை மாற்றும். கொள்கைச் சுற்றறிக்கை விளக்கம் தரும். வர்த்தக அறிவிப்பு தகவல் சொல்லும், கருத்தும் கேட்கும். நான்குக்கும் தனித்தனி எண் வரிசை என்பதால் "டிஜிஎஃப்டி ஆணை எண் 42" என்று எழுதினால் எதுவென்று யாருக்கும் தெரியாது. வகை, எண், நிதியாண்டு அல்லது கொள்கைக் காலம், தேதி நான்கையும் எழுதுங்கள். இப்போது நடப்பில் இருப்பது 2023 ஏப்ரல் 1 முதல் அமலான வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை. அதற்கு முடிவுத் தேதி கிடையாது என்பதால் திருத்தங்கள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். முழுத் தொகுப்பைப் பதிவிறக்கும்போது எந்தத் தேதிவரை திருத்தப்பட்டது என்று பாருங்கள்.

எதுவானாலும் கடைசியில் மின்னரசிதழில் சரிபாருங்கள். வழக்கிலோ மனுவிலோ நிற்பது அரசிதழ் வாசகம்தான். டிஜிஎஃப்டி அறிவிக்கைகள் பகுதி 2, பிரிவு 3, உட்பிரிவு 2இலும், பொது அறிவிப்புகள் பகுதி 1, பிரிவு 1இலும் வரும்.

தனித்தனி சரக்குகளின் விவரத்தை மட்டும் தேடி வெளியிடாதீர்கள். யார், எந்த விலைக்கு, எவ்வளவு இறக்குமதி செய்தார் என்ற சுங்கப் பதிவை வெளியிடுவது சுங்கச் சட்டத்தின் 135ஏஏ பிரிவில் குற்றம். 6 மாதம்வரை சிறையோ 50,000 ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். நாடு வாரியாக, எண் வாரியாகத் தொகுக்கப்பட்ட அளவும் மதிப்பும் அரசே வெளியிடும் புள்ளிவிவரத்தில் கிடைக்கிறது. ஒப்பந்தத்தின் விளைவை அளக்க அது போதும்.

5. நாடாளுமன்றத் தாள்கள்

இந்தியாவில் வர்த்தக ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்ற ஒப்புதல் தேவையில்லை. அமைச்சரவை ஒப்புதல் போதும். அதனால் ஒப்பந்தத்தோடு விளக்க அறிக்கை எதுவும் அவையில் வைக்கப்படுவதில்லை. இருப்பது இரண்டு: உறுப்பினர்களின் கேள்விகளுக்கு வந்த பதில்கள், வர்த்தகத்துக்கான நிலைக்குழுவின் அறிக்கைகள்.

கேள்வி பதில்களை அமைச்சகம், தேதி வாரியாகத் தேடலாம். பதிலின் பின்னிணைப்பைத் திறந்து பாருங்கள், அட்டவணைகள் அங்கேதான் இருக்கும். "தகவல் திரட்டப்படுகிறது" என்று அமைச்சர் சொல்லியிருந்தால் அது உறுதிமொழியாகப் பதிவாகும், 3 மாதத்துக்குள் நிறைவேற்றப்பட வேண்டும். அந்தக் கேள்வியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, பின்னர் தாக்கல் செய்த பதிலைத் தேடுங்கள்.

நிலைக்குழு அறிக்கையில் சாட்சியம் சொன்ன துறைகளின் பட்டியலும், துறை எழுத்துமூலம் அளித்த பதிலின் மேற்கோள்களும் இருக்கும். ஓர் ஆவணம் இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பலமான ஆதாரம் வேறில்லை. "அப்படி ஒரு பதிவு எங்களிடம் இல்லை" என்று பிறகு சொல்ல முடியாது.

6. எதிர்த்தரப்பு வெளியிட்டதைப் படியுங்கள்

பலர் தாண்டிப் போய்விடும் படி இது. ஒப்பந்தத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. நம் பக்கம் மூடியிருந்தாலும் அந்தப் பக்கம் திறந்திருக்கலாம்.

ஐரோப்பிய ஆணையம் 2022இல் இந்தியாவோடு பேச்சை மீண்டும் தொடங்கியதும் தன் வரைவு முன்மொழிவுகளை அத்தியாய வாரியாகத் தன் இணையதளத்தில் போட்டது. சுற்றுகள் முடிந்தபின் அறிக்கைகளும் வெளியிட்டது. பிரிட்டன் 2022 ஜனவரியில் இந்தியப் பேச்சுக்கான தன் அணுகுமுறை ஆவணத்தை வெளியிட்டது. 2025 ஜூலை 24இல் ஒப்பந்தம் கையெழுத்தானபோது தாக்க மதிப்பீட்டையும் வெளியிட்டது. அங்கே 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்பந்தத்தை விளக்கக் குறிப்போடு நாடாளுமன்றத்தில் 21 அமர்வு நாட்கள் வைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் தேசிய நலன் பகுப்பாய்வு என்ற ஆவணத்தோடு நாடாளுமன்ற ஒப்பந்தக் குழுவுக்குப் போகும், பொதுமக்களும் சங்கங்களும் தந்த மனுக்கள் அந்தக் குழுவின் பக்கத்தில் இருக்கும்.

ஒரே மேசையில் உட்கார்ந்த இரு தரப்பில் ஒரு தரப்பின் முன்மொழிவை உலகமே படிக்க, நம்முடையதை நம்மால் படிக்க முடியாமல் இருப்பது வருத்தத்துக்குரியது. ஆனால் அதுவே நமக்கு நல்ல வாதமும் ஆகிறது. எதிர்த்தரப்பு ஏற்கெனவே வெளியிட்ட விஷயத்தை "வெளிநாட்டு உறவைப் பாதிக்கும்" என்று மறைக்க முடியாது. ஆகவே பக்க எண்ணோடு குறித்துவைத்துக்கொள்ளுங்கள், மேல்முறையீட்டில் இணைப்பாகப் போகும்.

7. உலக வர்த்தக அமைப்பின் ஆவணக் கிடங்கு

இந்தியா தானே எழுதிக் கொடுத்த பல தாள்கள் ஜெனீவாவில் பொதுவில் இருக்கின்றன. அமைப்பின் ஆவணக் கிடங்கு இலவசம், பதிவு தேவையில்லை. தேடும்போது சொல்லைவிட ஆவணக் குறியீட்டை நம்புங்கள்.

குறியீட்டைப் படிக்கும் விதம் இது. டபிள்யூடி/டிபிஆர்/எஸ்/403 என்றால் டபிள்யூடி அமைப்பையும், டிபிஆர் வர்த்தகக் கொள்கை மறுஆய்வையும், எஸ் செயலகத்தின் அறிக்கையையும் குறிக்கும், 403 வரிசை எண். எஸ் இருக்கும் இடத்தில் ஜி வந்தால் அது அந்த நாட்டு அரசே எழுதிய அறிக்கை, எம் வந்தால் கூட்டக் குறிப்பு. இந்தியாவின் ஏழாவது மறுஆய்வு 2021 ஜனவரியில் நடந்தது. அதன் தாள்கள் இந்த 403 எண்ணில்தான் உள்ளன. பிற நாடுகள் எழுத்தில் கேட்ட கேள்விகளுக்கு இந்தியா தந்த பதில்களையும் இதே எண்ணில் தேடிப் பாருங்கள். நம் ஊர் மனுவுக்குக் கிடைக்காத விளக்கம் சில நேரம் அங்கே விரிவாக இருக்கும்.

வேளாண் மானிய அறிவிப்புகள் ஜி/ஏஜி/என்/ஐஎன்டி என்றும், தொழில்நுட்பத் தரக் கட்டுப்பாட்டு அறிவிப்புகள் ஜி/டிபிடி/என்/ஐஎன்டி என்றும் தொடங்கும். 2002இல் எடுத்த முடிவின்படி பெரும்பாலான ஆவணங்கள் வெளியானதுமே பொதுவானவை. கூட்டக் குறிப்புகள் சுற்றுக்கு விட்ட 45 நாளில் தாமாகத் திறக்கும். ஒரு குறிப்பு திறக்கவில்லை என்றால் தேதியைப் பார்த்து 45 நாள் கழித்து வாருங்கள். ஜேஓபி என்று தொடங்கும் பணித் தாள்கள் பல மூடியே இருக்கும்.

8. மனு எழுதுதல்

இப்போதுதான் பேனாவை எடுக்க வேண்டும். புதியவர் எழுதும் மனு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"ஆசியான் மறுஆய்வில் மிளகு விவசாயிகளின் நலன் ஏன் கவனிக்கப்படவில்லை? இறக்குமதியைத் தடுக்க அரசு என்ன செய்யப்போகிறது? முழு விவரமும் தரவும்."

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் "ஏன்" என்பதும் "செய்யப்போகிறது" என்பதும் பதிவு அல்ல. சட்டம் தருவது அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் தகவலைத்தான். புதிதாகத் தொகுத்தோ விளக்கம் எழுதியோ தர வேண்டியதில்லை என்று 2011இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதே ஆதங்கத்தைத் தாள்களாக மாற்றினால்:

"1. ஆசியான்–இந்தியா சரக்கு வர்த்தக ஒப்பந்த மறுஆய்வு தொடர்பாக, சுங்கத் தலைப்பு 0904இல் வரும் மிளகு குறித்து 01.01.2022 முதல் 31.12.2024 வரை வாரியம் வர்த்தகத் துறைக்கு அனுப்பிய கடிதங்களின் நகல். 2. அதே காலத்தில் அதே பொருள் குறித்துத் துறையிடமிருந்து வாரியத்துக்கு வந்த கடிதங்களின் நகல். 3. இக்கடிதங்கள் உள்ள கோப்புகளின் எண், தலைப்பு, மொத்தப் பக்கங்கள். 4. ஏதேனும் பகுதி விலக்குக்கு உட்பட்டது எனக் கருதினால், பிரிவு 10இன்படி அப்பகுதியை மட்டும் நீக்கி மீதியைத் தரவும்."

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். கடிதத்தை மறுத்தாலும் கோப்பின் எண்ணையும் தலைப்பையும் மறுப்பது கடினம். அது கிடைத்தால் அடுத்த மனு குறி தப்பாது. நான்காவது வரி இல்லாவிட்டால் முழுக் கோப்பையும் மறுப்பது அலுவலருக்கு எளிது.

இந்த மனுவை முதலில் நறுமணப் பொருட்கள் வாரியத்துக்கு அனுப்புங்கள், அமைச்சகத்துக்கு அல்ல. வாரியத்தின் கடிதம் வெளிநாட்டு அரசு தந்த தகவல் இல்லை, அமைச்சரவைக் குறிப்பும் இல்லை. மறுக்க வழி குறைவு.

கால வரம்பில்லாமல் "அனைத்து ஆவணங்களும்" என்று கேட்காதீர்கள். அலுவலகத்தின் வேலையைப் பெரிதும் திசைதிருப்பும் என்று பிரிவு 7(9)ஐக் காட்டுவார்கள். உண்மையில் அந்தப் பிரிவு தகவல் தரும் வடிவத்தை மாற்ற மட்டுமே இடம் தருகிறது, மறுக்க இடம் தரவில்லை. அப்படிப் பதில் வந்தால் கோப்பை நேரில் பார்வையிடக் கேளுங்கள். முதல் ஒரு மணி நேரம் கட்டணமில்லை, அதன்பின் மணிக்கு 5 ரூபாய். போகும்போது "குறிப்புப் பகுதி, கடிதப் பகுதி இரண்டும்" என்று எழுதிக் கேட்டிருக்க வேண்டும். முடிவுக்கான காரணம் குறிப்புப் பகுதியில்தான் இருக்கும். கடிதங்களை மட்டும் எடுத்து வைத்திருந்தால் பாதிக் கோப்பைத்தான் பார்த்துத் திரும்புவீர்கள்.

காரணம் எழுத வேண்டாம். அலுவலர் அதைக் கேட்பதைப் பிரிவு 6(2) தடுக்கிறது. கோபத்தையும் எழுத வேண்டாம், அது மேல்முறையீட்டில் உங்களுக்கு எதிராகவே வாசிக்கப்படும்.

9. அனுப்புதலும் நாள் கணக்கும்

மத்திய அரசுக்கு ரூ.10 கட்டணம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு இல்லை. தபாலில் என்றால் அந்த அலுவலகத்தின் கணக்கு அலுவலர் பெயருக்கு இந்திய போஸ்டல் ஆர்டர். இணையத்தில் மத்திய அரசின் ஆர்டிஐ தளம் வழியாகக் கட்டலாம். அந்தத் தளத்தில் 3,000 எழுத்துக்குள் எழுத வேண்டும், ஆங்கில எழுத்தும் குறிப்பிட்ட சில குறிகளும் மட்டுமே ஏற்கும். மேற்கோள் குறியோ ரூபாய்க் குறியோ இருந்தால் மனு போகாது, பலர் தளம் பழுதென்று நினைத்துவிடுகிறார்கள். தபால் மனு 500 சொல்லுக்குள் இருப்பது நல்லது, ஆனால் கூடிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்ப முடியாது. சங்கத்தின் பெயரில் போடாமல் தனிநபர் பெயரில் போடுங்கள், உரிமை குடிமக்களுக்கே.

30 நாளில் பதில் வர வேண்டும். நகல் கட்டணம் பக்கத்துக்கு 2 ரூபாய். கட்டணக் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து நீங்கள் கட்டும் நாள்வரை அந்த 30இல் சேராது, அதனால் உடனே கட்டுங்கள். வேறு நிறுவனம் தந்த தகவல் கோப்பில் இருந்தால் அவர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும், அப்போது 40 நாள். நாள் தவறினால் பிரிவு 7(6)இன்படி நகல் இலவசம். இதை நாமாகக் கேட்டால்தான் கிடைக்கும்.

10. மறுப்பு வந்தால் எந்தப் பிரிவு என்று படியுங்கள்

வர்த்தக ஆவணங்களுக்கு வரும் மறுப்பு பெரும்பாலும் நான்கில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. எல்லாவற்றுக்கும் "பொதுநலன்" என்று மட்டும் எழுதுவது பலிக்காது.

8(1)(ஏ): நாட்டின் பொருளாதார நலன், வெளிநாட்டு உறவு. வெறும் பிரிவு எண்ணை எழுதினால் போதாது, எந்த வெளியீடு எந்த நலனை எப்படிப் பாதிக்கும் என்று சொல்ல வேண்டும். மறுப்பு நியாயம் என்று நிறுவும் பொறுப்பு அலுவலருடையது, பிரிவு 19(5). பேச்சு முடிந்து கையெழுத்தாகிவிட்டதா என்பதே இங்கே முதல் வாதம். நடக்கும் பேச்சில் நாம் எவ்வளவு இறங்குவோம் என்ற கணக்கைக் கேட்டால் மறுப்பு நியாயமானதே. அதைக் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

8(1)(எஃப்): வெளிநாட்டு அரசு நம்பிக்கையின் பேரில் தந்தது. இது வந்த தாளுக்கு மட்டும் பொருந்தும். இந்தியா எழுதிய தாளுக்கும் உள்நாட்டு வாரியத்தின் கடிதத்துக்கும் பொருந்தாது. இரகசியம் காப்பதாக இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருந்தால் அந்த ஏற்பாட்டின் வாசகத்தையே கேளுங்கள். எத்தனை ஆண்டு என்று அதில் இருக்கலாம்.

8(1)(ஐ): அமைச்சரவைத் தாள்கள். இந்தப் பிரிவிலேயே ஒரு வரம்புரை உண்டு. முடிவெடுத்து விஷயம் முடிந்தபின் முடிவும் அதன் காரணங்களும் அடிப்படையான ஆவணங்களும் வெளியிடப்பட வேண்டும். ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த தேதியை அரசிதழ் எண்ணோடு காட்டுங்கள். வேறு விலக்கு பொருந்தினால் அது நிற்கும் என்பதையும் அதே பிரிவு சொல்கிறது, ஆகவே மற்ற விலக்குகளுக்கும் சேர்த்தே பதில் எழுதுங்கள்.

8(1)(டி): வணிக இரகசியம். நிறுவனங்களின் பெயரையும் விலையையும் நீக்கித் தரச் சொன்னால் பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

இவற்றுக்கு மேல் பிரிவு 8(2): வெளியிடுவதன் பொதுநலன், காக்கப்படும் நலனுக்கு வரும் தீங்கைவிடப் பெரிதென்றால் விலக்கு இருந்தும் தரலாம். எத்தனை பேருக்கு, எந்தப் பொருளில், என்ன பாதிப்பு என்று அரசின் புள்ளிவிவரத்தை வைத்தே காட்டுங்கள்.

11. இரண்டு மேல்முறையீடுகள்

முதல் மேல்முறையீடு 30 நாளுக்குள், அதே அமைப்பின் மூத்த அலுவலருக்கு. கட்டணம் இல்லை. பதிலே வராவிட்டால் கெடு முடிந்த நாளிலிருந்து 30. புதிய கேள்வியை இதில் சேர்க்காதீர்கள், அது மட்டும் தள்ளுபடியாகும். மனுவின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே வந்த பதிலையும் அதில் என்ன குறை என்பதையும் மூன்று பத்தி அட்டவணையாக எழுதுங்கள். பெரும்பாலான அலுவலர்கள் முழுக் கடிதத்தையும் படிக்காமல் அந்த அட்டவணையைத்தான் பார்ப்பார்கள். 30 நாளில், காரணம் காட்டினால் 45 நாளில், முடிவு வர வேண்டும்.

இரண்டாவது, மத்திய தகவல் ஆணையத்துக்கு, 90 நாளுக்குள். மனு, பதில், முதல் மேல்முறையீடு, அதன் ஆணை, பக்க எண்ணிட்ட பொருளடக்கம் எல்லாம் வேண்டும். ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்புவார்கள். விசாரணைக்கு டெல்லி போக வேண்டியதில்லை, மாவட்டத் தலைநகரிலேயே காணொலியில் ஆஜராகலாம். சில நிமிடம்தான் கிடைக்கும். அட்டவணையின் முதல் இரண்டு வரிகளையும், எதிர்த்தரப்பு நாடு ஏற்கெனவே வெளியிட்ட பக்கத்தையும் கையில் வைத்திருங்கள். ஆணை வந்தும் தகவல் வராவிட்டால் ஆணையின் எண்ணைக் குறிப்பிட்டு ஆணையத்துக்கு நிறைவேற்றாமைப் புகார் எழுதலாம். நியாயமான காரணமின்றித் தாமதித்த தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு ரூ.250, அதிகபட்சம் ரூ.25,000 அபராதம் விதிக்கும் அதிகாரம் பிரிவு 20இல் உண்டு.

12. பழைய கோப்புகள்

20 ஆண்டுக்கு முந்தைய நிகழ்வு பற்றிய தகவலுக்குப் பிரிவு 8(3)இன்படி பெரும்பாலான விலக்குகள் விழுந்துவிடும். ஏ, சி (நாடாளுமன்ற, சட்டமன்ற உரிமை மீறல்), ஐ ஆகிய மூன்று மட்டும் நிற்கும். வணிக இரகசியம், வெளிநாட்டு அரசின் நம்பிக்கை இரண்டும் அப்போது செல்லாது.

25 ஆண்டு கடந்த நிரந்தரப் பதிவுகள் 1993ஆம் ஆண்டுப் பொதுப் பதிவுகள் சட்டத்தின் கீழ் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். உலக வர்த்தக அமைப்பு உருவாகக் காரணமான உருகுவே சுற்றின் காலத்துக் கோப்புகள் அந்த வயதைத் தாண்டிவிட்டன. காப்பகத்தின் இணையப் பட்டியலில் அமைச்சகப் பெயர், ஆண்டு கொண்டு தேடுங்கள். பட்டியலில் இல்லையென்றால் அமைச்சகத்துக்கு ஒரு மனுப் போட்டு, காப்பகத்துக்கு ஒப்படைத்த கோப்புகளின் பட்டியலையும் அழிக்கப்பட்ட கோப்புகளின் பட்டியலையும் கேளுங்கள். கோப்பு எந்த ஆண்டு, எந்த ஆணையின் பேரில் அழிக்கப்பட்டது என்பதும் ஒரு பதிவுதான்.